பேஸுக்கு வீட்டுல செஞ்ச பெடல்போர்டும் அதைத் தூக்கிட்டுப் போற பெட்டியும்

மே 11, கேள்வி

அண்ணே, நாகர்கோவில் பக்கம் சர்ச் பேண்டுல பேஸ் கிட்டார் வாசிக்கிறேன், அப்பப்போ வெளிக் கச்சேரியும் உண்டு. காலால மிதிச்சு சத்தத்தை மாத்தற பெடல் நாலு சேர்ந்துடுச்சு. சுருதி பாக்க ட்யூனர், சத்தம் ரொம்ப ஏறி இறங்காம வெச்சுக்க கம்ப்ரஸர், சத்தத்தைக் கரகரப்பாக்க ஓவர்டிரைவ், கடைசியா மிக்ஸருக்கு ஒயர் கொண்டு போற டி.ஐ. பெட்டி. எல்லாம் ஒரு துணிப்பையில கிடக்கு, மேடையில குத்தவெச்சு உக்காந்து ஒவ்வொண்ணா மாட்டி முடிக்கறதுக்குள்ள இவனுங்க பாட்டை ஆரம்பிச்சுடறானுங்க. பெடலை எல்லாம் மாட்டி வைக்கற போர்டை கடையில பையோட கேட்டா ஒரு பெடல் விலை சொல்றாங்க. பிளைவுட் வாங்கி நாமளே அடிச்சா சரியா வருமா? எங்கேருந்து ஆரம்பிக்கணும்?

மே 11, ராத்திரி

பெட்டியிலேருந்து ஆரம்பி தம்பி. எல்லாரும் பலகையைச் செஞ்சு, அழகா பெடலை அடுக்கி, போட்டோ எடுத்துப் போட்டுட்டு, அதுக்கப்புறம் தான் இதை எப்படித் தூக்கிட்டுப் போறதுன்னு யோசிக்கறாங்க. ஒரு கையில பேஸ், அதுவே கவரோட நாலஞ்சு கிலோ. மிச்சம் இருக்கறது இன்னொரு கை மட்டும் தான். நீ போறது ஸ்கூட்டியா, பஸ்ஸா, வேனா? அதைச் சொல்லு, அப்புறம் அளவு சொல்றேன்.

மே 12

ஸ்கூட்டியாம். அப்போ பெட்டி கால் வைக்கற இடத்துல நட்டுக்குத்தலா நிக்கணும். அதாவது உள்ள இருக்கற பெடல் எல்லாம் வழி முழுக்க சுவத்துல ஆணி அடிச்ச படம் கணக்கா பக்கவாட்டுல தொங்கிட்டே வரும். ஸ்பீட் பிரேக்கர் ஒவ்வொண்ணுக்கும் ஒரு குலுக்கு. இதை மனசுல வெச்சுக்க, பெடலை எதால ஒட்டறதுங்கற கேள்வி வரும்போது மறுபடி இங்க வருவோம்.

இன்னொரு கணக்கு. என்னிக்காவது ஃப்ளைட்ல போக வேண்டி வந்தா இங்க உள்நாட்டு ஃப்ளைட்ல கையில எடுத்துட்டுப் போற பைக்கு பெரும்பாலும் 55க்கு 35க்கு 25 செ.மீ., 7 கிலோ தான் வரம்பு. பெட்டியோட வெளி அளவை அதுக்குள்ள அடக்கிடு. செக்-இன்ல போட்ட பெட்டி எந்தக் கோலத்துல திரும்பி வரும்னு யாருக்கும் தெரியாது.

மே 12, கொஞ்ச நேரம் கழிச்சு

நெட்டுல பார்த்தா வெள்ளைக்காரங்க எல்லாரும் ஐகியாவுல கோர்ம்னு ஒரு மர ஷெல்ஃப் தட்டு வாங்கி ரெண்டா அறுத்து போர்டு ஆக்கியிருப்பாங்க. இப்போ அது ஹெயினேங்கற பேர்ல வருது. நம்ம ஊர்ல ஐகியா முதல் கடை 2018ல ஹைதராபாத்துல தான் வந்துச்சு, நாகர்கோவில்லேருந்து ஒரு தட்டுக்காக அங்க போக முடியாது. ஆனா ஐடியா நல்ல ஐடியா. ஒரே பலகையா இல்லாம நடுவுல சந்து விட்ட சட்டங்கள். ஒயர் எல்லாம் சந்து வழியா அடியில இறங்கிடும், வெயிட்டும் குறையும். ஒரு ஆசாரிகிட்ட சொன்னா அரை மணி நேரத்துல அறுத்துக் கொடுத்துடுவார்.

மே 19

அளவு. பாஸ் கம்பெனி காம்பேக்ட் பெடல் ஒண்ணு அகலம் 73 மிமீ, நீளம் 129, உயரம் 59. நாலுக்கு 292 மிமீ. ஆனா ஒயரோட ஜாக் ரெண்டு பக்கமும் நீட்டிட்டு இருக்கும்ல, அதை எல்லாரும் மறந்துடறாங்க. தட்டையான பான்கேக் ஜாக் போட்டாலும் ரெண்டு பெடலுக்கு நடுவுல 3 செ.மீ. வேணும், ரெண்டு ஓரத்துலயும் 5 செ.மீ. கூட்டிப் பாரு, 48 செ.மீ. வந்துடும். ஆழம் 28 செ.மீ. இருந்தா பின் வரிசைன்னு ஒண்ணு கிடைக்கும், டி.ஐ. அங்க போயிடும், அதை எவனும் காலால மிதிக்கப் போறதில்ல.

பேப்பர்ல வரையாதே. தரையில நியூஸ்பேப்பர் விரிச்சு, பெடலை எல்லாம் வெச்சு, ஜாக்கும் மாட்டி, நீ போட்டுட்டுப் போற செருப்பு இல்ல ஷூவோட நின்னு மிதிச்சுப் பாரு. வெறுங்கால்ல மிதிச்சு இடைவெளி முடிவு பண்ணவன் மேடையில ஷூவால ரெண்டு பெடலைச் சேர்த்து மிதிப்பான்.

முன் உயரம் 2 செ.மீ., பின் உயரம் 7. 28 செ.மீ. ஆழத்துக்கு அது பத்து டிகிரி சரிவு, போதும். அதுக்கு மேல சாய்ச்சா பின் வரிசையை மிதிக்கும்போது போர்டே பின்னாடி நகரும்.

மே 20

பிளைவுட் எந்த கிரேடுன்னு ஒருத்தர் கேட்டிருக்கார். சாதா கமர்ஷியல் எம்.ஆர். (ஓரளவு ஈரம் தாங்கறது) போதும், ஆனா ஓரம் எல்லாத்தையும் உப்புத்தாள் போட்டு பிரைமர் அடிச்சு மூடணும், தண்ணி ஏறறது எப்பவும் ஓரத்துல தான். தண்ணி தாங்கற 710 மார்க் மரைன் பிளை கிடைச்சா நல்லது. கடையில 8க்கு 4 ஷீட்டு தான் கொடுப்பேன்னு சொல்வாங்க, ஏதாவது கிச்சன் கபோர்டு வேலை நடக்கற வீட்டுல வெட்டுத்துண்டு கேளு, சும்மாவே கொடுப்பாங்க. எனக்கு அப்படித்தான் கிடைச்சுது, ஒரு பக்கம் மைக்கா ஒட்டினது, பூப்போட்ட மைக்கா, கொஞ்ச நாள் என் போர்டுக்கு "டீப்பாய்"னு பேரு வெச்சிருந்தாங்க.

18 மிமீ வேண்டாம். 48க்கு 28 பலகை 18 மிமீல ஒன்றரை கிலோவுக்கு மேல போகும், 9 மிமீல அதுல பாதி. 9 மிமீ வளையாதான்னு கேப்பீங்க, அடியில நடுவுல ஒரு ரீப்பர் கட்டை குறுக்கா வெச்சு ஃபெவிகால் போட்டு ஸ்க்ரூ பண்ணிட்டா மேல ஏறியே நிக்கலாம்.

மே 27

ஒட்டற கதைக்கு வருவோம். வெல்க்ரோ. வழக்கமா சொரசொரப்பு பக்கம் பெடல்ல, மெத்து பக்கம் போர்டுல. மெட்ராஸ் கத்திரி வெயில்ல நிறுத்தின கார் டிக்கியில பெட்டி ஒரு மத்தியானம் இருந்தா என்ன ஆகும்னா, வெல்க்ரோ ஒண்ணும் ஆகாது, அதோட பின்னாடி இருக்கற பசை தான் இளகி ஜவ்வாயிடும். பெடல் மெதுவா வழுக்கிட்டு ஒரு பக்கமா போய் ஜாக்கை அழுத்திட்டு உக்காந்திருக்கும். அதைப் பிச்சு எடுத்தா கையெல்லாம் பிசுபிசுன்னு கறுப்பு, பெடலுக்கு அடியில இருந்த ரப்பர்லயும் பாதி போயிருக்கும்.

அதனால நான் இப்போ சைக்கிள் செயின். சிரிக்காதீங்க, இது உலகம் முழுக்க பண்றாங்க. சைக்கிள் கடையில தேஞ்சு போன செயின் ஒண்ணு வாங்கு, அவரையே பின்னைத் தட்டி எடுத்துத் தரச் சொல்லு. எட்டு வடிவத்துல சின்னச் சின்ன தகடு கிடைக்கும், ஒவ்வொண்ணுலயும் ரெண்டு ஓட்டை, நடுவுக்கு நடு அரை இஞ்ச். மண்ணெண்ணெயில ஊறப்போட்டு பழைய பல்லு தேய்க்கற பிரஷ்ஷால கிரீஸை எடு. அப்புறம் பெடலைத் திருப்பிப் பாரு, அடிப்பக்கம் நாலு மூலையில நாலு ஸ்க்ரூ இருக்கும். எதிரெதிர் மூலையில ரெண்டைக் கழட்டி, தகட்டோட ஒரு ஓட்டையில விட்டு மறுபடி முடுக்கு. இன்னொரு ஓட்டை பெடலுக்கு வெளிய எட்டிப் பாக்கும், அதுல ஒரு மரஸ்க்ரூ போட்டு போர்டுல இறக்கிடு. நட்டுக்குத்தலா வெச்சாலும் தலைகீழா வெச்சாலும் அசையாது. பெடலை விக்கணும்னா தகட்டைக் கழட்டிட்டா பழையபடி புதுசு, சீரியல் நம்பர் ஸ்டிக்கரும் பத்திரம்.

ஜூன் 2

"அடிக்கடி பெடல் மாத்தறவனுக்கு செயின் சரிப்படாதே"ன்னா, ஆமா சரிப்படாது. அவங்க வெல்க்ரோவே போடட்டும், கூட ஒரு நைலான் கேபிள் டை சட்டத்தைச் சுத்தி இழுத்துக் கட்டிடுங்க. ஆனா பேஸ்காரன் என்ன பெருசா மாத்தப் போறான்.

ஜூன் 15

கரண்ட். இதைப் பத்தித்தான் உண்மையில எழுத நினைச்சேன், மரவேலை எல்லாம் அதுக்கு முன்னுரை.

பெரும்பாலான பெடல் 9 வோல்ட், பின்னுக்கு நடுவுல மைனஸ், வெளிய பிளஸ். நம்ம கடையில கிடைக்கற ரவுட்டர் அடாப்டர், செட்டாப் பாக்ஸ் அடாப்டர் எல்லாம் இதுக்கு நேர் எதிர், நடுவுல பிளஸ், அதுலயும் பாதி 12 வோல்ட். பின் சைஸ் சரியா உள்ள போகுதேன்னு சொருகிடாதே. அடாப்டர் மேல வட்டமும் புள்ளியுமா ஒரு படம் இருக்கும், அதைப் பாரு. மீட்டர் வெச்சு ஒரு தடவை பாத்துட்டா இன்னும் நிம்மதி.

அப்புறம் மில்லியாம்ப் கூட்டல். அனலாக் பெடல் பெரும்பாலும் 10லேருந்து 30க்குள்ள தான் இழுக்கும். பாஸ் டியூ-3 ட்யூனர் சாதாரணமா 30, பிரைட்னஸைக் கூட்டி வெச்சா 85. டிஜிட்டல் மல்டி எஃபெக்ட்ஸ் தான் பெரிய வயிறு, ஜூம் பி1 ஃபோருக்கு வர்ற அடாப்டரே 500 மில்லியாம்ப். எல்லாத்தையும் கூட்டி, அதுக்கு மேல கால்வாசி சேர்த்து அடாப்டர் வாங்கு.

உனக்கு நாலும் அனலாக்குன்னா ஒரே அடாப்டர்லேருந்து எல்லா பெடலுக்கும் பிரிஞ்சு போற டெய்சி செயின் ஒயர் போதும், தனித்தனி ஐசொலேட்டட் சப்ளைக்கு காசு செலவழிக்க வேண்டாம். அந்தச் சங்கிலியில டிஜிட்டல் ஒண்ணு நுழையட்டும், அப்போ வரும் பாரு ஙீன்னு ஒரு விசில். அதுக்கு மட்டும் தனி அடாப்டர் கொடு, வேலை முடிஞ்சுது.

அடாப்டர் 230 வோல்ட் பக்கத்தை போர்டுக்குள்ள கொண்டு வராதே. மரப் பலகைக்கு அடியில டேப் சுத்தின மெயின்ஸ் ஒயர், மேல செயின் தகடு, பக்கத்துல மழைத்தண்ணி, எதுக்கு? போர்டோட பக்கப் பலகையில ஒரு பேனல் டி.சி. சாக்கெட் மாட்டு, அடாப்டர் வெளியவே இருக்கட்டும், 9 வோல்ட் மட்டும் உள்ள வரட்டும்.

ஜூன் 15, தூக்கம் வரல

ஒரு சுவாரசியம். நம்ம மெயின்ஸ் 50 ஹெர்ட்ஸ். பேஸ்ல ஈ கம்பியை மூணாவது ஃப்ரெட்ல (கட்டையில) அழுத்தினா வர்ற சுரம் ஜி, அது 49 ஹெர்ட்ஸ். அதனால நம்ம ஊர் ஹம், அதாவது ஸ்பீக்கர்ல வர்ற கரண்ட் ரீங்காரம், எப்பவும் ஜிக்கு கொஞ்சம் மேல ஷார்ப்பா ஒரு சுருதி. அதோட டபுள் 100 ஹெர்ட்ஸும் அப்படியே, அடுத்த ஜி 98. ஜி மேஜர்ல பாட்டு வந்தா ஹம்மும் சேர்ந்து பேஸ் வாசிக்கும், அதுவும் பொய்ச்சுருதியில. அமெரிக்காக்காரனுக்கு 60, அவன் ஹம் பி ஃபிளாட்டுக்கும் பிக்கும் நடுவுல எங்கேயோ தொங்கும், அவங்க தப்பிச்சாங்க. கிட்டார்காரன் தன் ஆம்ப்ல (ஆம்ப்ளிஃபையர்ல) பேஸ் நாபைக் குறைச்சு ஹம்மைக் கொஞ்சம் ஒளிச்சுடலாம். நாம அதைக் குறைச்சா நாமளே காணாம போயிடுவோம். பேஸ் போர்டுக்கு கரண்ட் விஷயத்துல இவ்வளவு புலம்பறேன்னா காரணம் இது தான்.

ஜூன் 16

மண்டபத்துல கம்பியைத் தொட்டுக்கிட்டே மைக்குக்கிட்ட வாய் கொண்டு போனா சுர்ருன்னு அடிக்குதா? எர்த் இல்ல. ஜெனரேட்டர்ல ஓட்டற இடத்துல இது அடிக்கடி நடக்கும். மூணு பின் ப்ளக்ல எர்த் பின்னை முறிச்சா ஹம் போயிடும்னு ஒரு புண்ணியவான் எல்லா ஊர்லயும் இருப்பார், அவர் பேச்சைக் கேக்காதே. ஹம் போகும், கூடவே நீயும் போயிடலாம். டி.ஐ.ல கிரவுண்ட் லிஃப்ட்னு சுவிட்ச் இருக்குல்ல, அது மிக்ஸருக்குப் போற மூணு பின் எக்ஸ்.எல்.ஆர். ஒயர்ல ஒண்ணாம் பின்னை மட்டும் பிரிச்சு விடும், ரெண்டு வழியா எர்த் சேர்ந்து சுத்தற லூப்பால வர்ற ஹம்முக்கு அது தான் மருந்து. மிக்ஸரும் உன் அடாப்டரும் ஒரே ஜங்ஷன் பாக்ஸ்லேருந்து எடுக்க முடிஞ்சா இன்னும் நல்லது. சவுண்டு அண்ணன்கிட்ட முதல்லயே ஒரு டீ வாங்கிக் கொடுத்துட்டுக் கேளு.

ஜூலை 4

பவர் பேங்க் ஓட்டலாமான்னு கேட்டவருக்கு: ஓட்டலாம். யூஎஸ்பி 5 வோல்ட்டை 9 ஆக்கற ஸ்டெப்-அப் ஒயர் கிடைக்குது, சென்னை ரிச்சி தெருவுல சின்ன போர்டாவும் வாங்கலாம். 10000ன்னு போட்ட பவர் பேங்க் அது 3.7 வோல்ட்ல கணக்கு, அதாவது 37 வாட் அவர். மாத்தறதுல போற நஷ்டம் கழிச்சா 9 வோல்ட்ல மூணரை ஆம்ப் அவர் மிஞ்சும். 250 மில்லியாம்ப் இழுக்கற போர்டுக்கு பன்னெண்டு மணி நேரத்துக்கு மேல. மெயின்ஸ் தொடர்பே இல்லங்கறதால மண்டபத்து எர்த் கூத்து அடாப்டர் வழியா உள்ள வராது, டி.ஐ. ஒயர் வழியா வர்றது வரும், அது வேற கதை.

ரெண்டு சிக்கல். லோடு ரொம்பக் கம்மியா இருந்தா சில பவர் பேங்க் போன் சார்ஜ் ஆயிடுச்சுன்னு நினைச்சு தானா அணைஞ்சுடும், மெலடி பாட்டு நடுவுல. ட்யூனர் பிரைட்னஸைக் கூட்டி வெச்சா லோடு ஏறும், அதனால பவர் பேங்க் அணையாம ஓடும். காசு போட்டு கரண்டை வீணடிச்சாத்தான் கரண்டு வரும், எப்படி இருக்கு பாருங்க. இன்னொண்ணு, மட்டமான ஸ்டெப்-அப் போர்டே விசில் போடும். வாங்கறதுக்கு முன்னாடி டிரைவ் பெடலோட கெயின் நாபை முழுசா ஏத்தி கேட்டுப் பாக்கணும், கடையில எவன் விடுவான்.

ஃப்ளைட்ல பவர் பேங்க் கையில தான் கொண்டு போகணும், செக்-இன்ல போடக்கூடாது. போர்டுக்குள்ள ஸ்க்ரூ பண்ணி வெச்சுடாதீங்க.

ஜூலை 5

பெடலை எந்த வரிசையில மாட்டறதுன்னு இன்னும் சொல்லலன்னு திட்டு விழுந்துட்டு இருக்கு. என் வரிசை: ட்யூனர், கம்ப்ரஸர், டிரைவ், கோரஸ் (ஒருத்தர் வாசிக்கறதை நாலு பேர் வாசிக்கற மாதிரி ஆக்கற பெடல்), டி.ஐ. கம்பியை அடிக்கற பலத்துக்கு ஏத்த மாதிரி 'வா வா'ன்னு கத்தற ஆட்டோ வா மாதிரி என்வலப் ஃபில்டர் வெச்சிருந்தா அதைக் கம்ப்ரஸருக்கு முன்னாடி போடு, நசுக்கின சிக்னல்ல அது வாயைத் திறக்காது. டிரைவ்ல சுத்தமான சத்தத்தைக் கலக்கற நாப் இருக்கான்னு பாத்து வாங்கு, பாஸ் ஓடிபி-3ல பேலன்ஸ்னு இருக்கறது அது தான். அது இல்லாத கிட்டார் டிரைவ்ல விட்டா அடிச்சத்தம் போயிடும், 41 ஹெர்ட்ஸ் ஈ கம்பி கொசு ஆயிடும்.

பேஸுக்கு பெடல் எதுக்குன்னு சிரிச்ச நண்பனுக்கு: நம்ம பக்கம் பாதி மேடையில பேஸ் ஆம்பே கிடையாது, ஒயர் நேரா மிக்ஸருக்குப் போகுது. அந்த இடத்துல டி.ஐ.யும் கம்ப்ரஸரும் தான் உன் ஆம்ப். மத்தது எல்லாம் ஆசை, ஆசையும் வேணும்.

ஆகஸ்ட் 17

பெட்டி. 6 மிமீ பிளை, ஓரம் எல்லாம் அலுமினிய எல் ஆங்கிள் வெச்சு பாப் ரிவெட். உள்ள நாலு பக்கமும் ஒன்றரை செ.மீ. ஃபோம். 48க்கு 28 போர்டுக்கு வெளி அளவு 52க்கு 32 கிட்ட வரும், உயரம் 17. கணக்குப் போட்டா பெட்டி மட்டும் இரும்புச் சாமானோட மூன்றரை கிலோ, போர்டும் நாலு பெடலும் ஒயரும் மூணு. 7 கிலோவை ஒட்டி நிக்கும், அடாப்டரை சட்டைப்பையில போட்டுக்கணும்.

மூடி தனியா கழண்டு வர்ற கீல் வாங்கு. மேடையில மூடியைத் திறந்து வெச்சா அதுல எவனாவது தடுக்குவான். கீழ்த்தட்டோட போர்டை அப்படியே மேடையில வெச்சு வாசிக்கறது தான் வசதி, எடுத்து வெளிய வைக்கற வேலையே வேண்டாம். அதுக்கு கீழ்த்தட்டுச் சுவரை போர்டோட முன் உயரத்துக்கு மேல ஏத்தாதே, இல்லன்னா கால் இடிக்கும். ஜாக் ஒயர் வெளிய போக பக்கத்துல ஒரு வாய் வெட்டி விடு.

மூடிக்குள்ள ஃபோம் நாபுகளை அழுத்தக்கூடாது. அழுத்தினா வழியில குலுங்கற குலுக்குல கெயின் நாப் கடிகார முள் கணக்கா பன்னெண்டு மணியிலேருந்து மூணு மணிக்குப் போயிருக்கும், முதல் பாட்டுல தெரியும். நாபுக்கு மேல ஃபோமை பிளேடால குழிச்சு எடுத்துடு. வீட்டுல நெயில் பாலிஷ் இருந்தா செட்டிங்குக்கு ஒரு புள்ளி வை, இருட்டுல டார்ச் அடிச்சா பளிச்சுன்னு தெரியும்.

ஆகஸ்ட் 18

கைப்பிடியை நேத்து விட்டுட்டேன். ஸ்கேல் வெச்சு நடுவுல அளந்து மாட்டக்கூடாது. எல்லா பெடலையும் உள்ள வெச்சு மூடி, ஒரு கயித்தை பெட்டியைச் சுத்திக் கட்டித் தூக்கு, எந்த இடத்துல கட்டினா சாயாம நிக்குதோ அங்க பென்சில்ல கோடு போடு. என் பெட்டியில அது நடுவுலேருந்து மூணு விரக்கடை தள்ளி இருக்கு, டி.ஐ. பக்கம். பாக்கறதுக்கு கோணலா இருக்கும், தூக்கும்போது மணிக்கட்டு நன்றி சொல்லும். மரஸ்க்ரூ வேண்டாம், 6 மிமீ பிளையில நிக்காது. போல்ட்டு, உள்பக்கம் அகல வாஷர், நட்டு.

அக்டோபர் 26

மழை. ரெக்சின் ஒட்டின பெட்டின்னா ஓரத்துல தூக்கிக்கும், அதைவிட பெயிண்ட் அடிச்சது மேல். மூடி சேர்ற இடத்துல ஜன்னலுக்கு ஒட்டற ஃபோம் டேப் ஒரு சுத்து. உள்ள சிலிக்கா ஜெல் பொட்டலம், புது செருப்பு டப்பாவுல வர்றதைச் சேர்த்து வெச்சாலே போதும். கடல் பக்கம் இருக்கறவங்களுக்கு ஜாக் கறுத்து கரகரன்னு சத்தம் வரும், காண்டாக்ட் கிளீனர் துளி அடிச்சு ஜாக்கை உள்ள வெளிய உள்ள வெளிய நாலு தடவை ஆட்டினா சரியாயிடும்.

டிசம்பர் 28

தம்பி போட்டோ போட்டிருக்கான், கிறிஸ்துமஸ் சீசன் முழுக்க ஓடிச்சாம். சட்டம் நல்லா வந்திருக்கு. ஒரே ஒரு விஷயம், ட்யூனரை வலது ஓரத்துல, கம்ப்ரஸரை அதை ஒட்டி வெச்சிருக்க, சரி, ஆனா பேஸ்லேருந்து வர்ற ஒயர் ஜாக் நேரா வெளிய நீட்டிட்டு நிக்குது. எல் வடிவ ஜாக் போடு, இல்ல ஒயரை சட்டத்துல ஒரு சுத்து சுத்தி கேபிள் டை போட்டுட்டு அப்புறம் சொருகு. பாடறவங்க யாராவது நடந்து போகும்போது ஒயர் காலுல மாட்டினா இழுப்பு கேபிள் டைக்குப் போகட்டும், ட்யூனரோட ஜாக்குக்குப் போகக்கூடாது.

கோரஸுக்கு இடம் விட்டு வெச்சிருக்கியே, வாங்கப் போறியா?